கவனயீனம் எனும் கதையாடல்: வேலைத்தலத்தில் வழுக்கி விழுதல் பற்றிச் சில குறிப்புகள்

புகலிடத்திலிருந்து வெளிவரும் எமது சஞ்சிகைகள் தேசியம் பற்றியும் சாதியம் பற்றியும் பெண்ணியம் பற்றியும் பின்நவீனத்துவம் பற்றியும் நிறையவே விவாதித்திருக்கின்றன. அவ்விவாதங்கள் அவசியமானவை. ஆனால் அவற்றை எழுதியவர்களிலும் வாசித்தவர்களிலும் கணிசமானோர் நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம் நின்று வேலைசெய்யும் தரையைப் பற்றி இப்பக்கங்களில் எதையும் வாசித்ததாக எனக்கு நினைவில்லை. "தரையைப் பற்றி எழுத என்ன கிடக்கு?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நிறையவே இருக்கிறது. வேலைத்தலத்தில் ஒருவர் ஏன் விழுகிறார் என்ற கேள்விக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் விடை தவறானது. அதைவிட முக்கியமாக, அந்த விடையே அடுத்தவரையும் விழுத்துகிறது. இதுவே எனது வாதம்.

இது சிறு விடயமல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி உலகில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 684,000 பேர் விழுந்து இறக்கிறார்கள். எதிர்பாராத காயங்களால் ஏற்படும் மரணங்களில் வீதி விபத்துக்களுக்கு அடுத்த இடம் இதற்கே. இறப்பவர்களில் முதியவர்களே அதிகம் என்பது உண்மை. ஆனால் வேலைத்தலத்தை மட்டும் எடுத்தாலும் நிலைமை இலேசானதல்ல. பிரித்தானியாவில் முதலாளிமார் அரசுக்கு அறிவிக்கும், உயிரிழப்பில் முடியாத காயங்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு சமதரையில் வழுக்கியோ தடக்கியோ விழுவதால் ஏற்படுபவை. ஏணியிலிருந்தும் கூரையிலிருந்தும் விழுபவர்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை.

நான் வேலைசெய்வது ரொறன்ரோவுக்கு அருகில், பிளாஸ்ரிக் உதிரிப்பாகங்கள் வார்க்கும் தொழிற்சாலை ஒன்றில். மூலப்பொருள் அரிசிமணி அளவான குறுணிகளாகப் பெரிய பெட்டிகளில் வரும். அதை உறிஞ்சுகுழாய் மூலம் இயந்திரத்தின் தலையிலுள்ள புனலுக்கு ஏற்றுவார்கள். ஓர் இயந்திரத்தின் குழாய் இணைப்புத் தளர்ந்து, குறுணிகள் நடைபாதையில் சிந்திக்கொண்டிருந்தன. எம்மூர்ப் பெண் ஒருவர் அதில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார். மேற்பார்வையாளர் நிரப்பிய படிவத்தில் "காரணம்" என்ற கட்டத்தில் "கவனயீனம்" என்று இருந்தது. "எடுக்கப்பட்ட நடவடிக்கை" என்ற கட்டத்தில், கவனமாக நடக்குமாறு தொழிலாளர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது என்று இருந்தது. மூன்று கிழமைகளின் பின் வியட்நாமிய இளைஞர் ஒருவர் அதே இடத்தில் விழுந்தார். அவருக்கும் அதே காரணம், அதே நடவடிக்கை. குழாயின் இணைப்பு அப்போதும் தளர்ந்தே இருந்தது.

கை முறிந்த அந்தப் பெண்ணைப் பார்க்கப் போனபோது அவரும் "என்ர பிழைதான் அண்ணை, பாத்து நடந்திருக்க வேணும்" என்றார். விழுந்தவரும் விழுத்தியவரும் ஒரே விடையில் உடன்படுகிறார்கள். இந்த உடன்பாடுதான் ஆராயப்பட வேண்டியது.

உராய்வின் கணக்கு

வழுக்குதல், தடக்குதல் என்று இரண்டு சொற்கள் எம்மிடம் இருப்பது நல்லது. அவை இரண்டு வெவ்வேறு நிகழ்வுகள். நிற்க வேண்டிய பாதம் நகர்ந்துவிடுவது வழுக்குதல். நகர வேண்டிய பாதம் தடுக்கப்பட்டு நின்றுவிடுவது தடக்குதல். வழுக்கியவர் பெரும்பாலும் பின்புறமாகவும் தடக்கியவர் முன்புறமாகவும் விழுவார்கள். இரண்டுக்கும் காரணங்கள் வேறு, பரிகாரங்களும் வேறு.

பௌதிகவியல் படித்தவர்களுக்குச் சாய்தளத்தில் வைத்த மரக்கட்டை நினைவிருக்கும். நானும் அதைப் பல ஆண்டுகள் கரும்பலகையில் வரைந்து படிப்பித்தவன். அமொன்ரன்ஸ் 1699 இலும் கூலோம் 1785 இலும் வகுத்த விதிகளின்படி, உராய்வு விசை செவ்வன் மறுதாக்கத்துக்கு விகிதசமமானது. இவ்விரண்டுக்கும் இடையிலான விகிதமே உராய்வுக் குணகம். சமதரையில் சாதாரணமாக நடக்கும் ஒருவருக்கு ஏறத்தாழ 0.2 அளவிலான குணகம் தேவைப்படுகிறது. உலர்ந்த, சுத்தமான சீமெந்துத் தரையில் இறப்பர் அடிச் சப்பாத்துக்கு இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு கிடைக்கிறது. ஆகவே அப்படிப்பட்ட தரையில் வழுக்கி விழுவது மிக அரிது. ஒருவர் ஊர்நினைவில் மூழ்கி நடந்தாலும், வீட்டுக் கடனை நினைத்துக்கொண்டு நடந்தாலும் அது வழுக்காது. கவனயீனம் மட்டும் எவரையும் வழுக்கி விழுத்துவதில்லை. தரைக்கும் சப்பாத்துக்கும் இடையில் வேறொரு பொருள் வரவேண்டும்.

அந்தப் பொருள் பெரும்பாலும் திரவப் படலம். குதிக்கால் தரையைத் தொட்டு உடற்பாரம் அதன்மேல் இறங்குவது ஒரு செக்கனின் சிறு பின்னத்துக்குள் நடந்து முடிகிறது. தரையிலுள்ள நீரோ எண்ணெயோ அதற்குள் பிதுங்கி வெளியேற வேண்டும். வெளியேறாவிட்டால் சப்பாத்து தரையைத் தொடுவதில்லை, திரவத்தின்மேல் மிதக்கிறது. நீரைவிடப் பாகுத்தன்மை கூடிய எண்ணெய் மெதுவாகவே வெளியேறும்; அதனால்தான் அது கூடுதலாக வழுக்குகிறது. சப்பாத்தின் அடியிலுள்ள வெட்டுக்கள் இத்திரவத்துக்கான வடிகால்கள். தேய்ந்துபோன அல்லது கிறீஸ் அடைத்துக்கொண்ட அடியில் வடிகால் இல்லை. தரையின் நுண்ணிய கரடுமுரடு படலத்தைத் துளைத்து மேலே நீட்டிக்கொண்டிருந்தால் சப்பாத்துக்குப் பிடி கிடைக்கும். பார்வைக்கு அழகாக மினுங்கும் தரையில் அந்தப் பிடி இல்லை. எமது தொழிற்சாலைக் குறுணிகளின் கதை வேறு. அவை வழுக்கும் உராய்வை உருளும் உராய்வாக மாற்றிவிடுகின்றன. வண்டிக்குப் போல்பேறிங் பூட்டுவதற்கும் இதற்கும் தத்துவத்தில் வேறுபாடில்லை.

தேவைப்படும் குணகமும் எப்போதும் 0.2 அல்ல. வேகமாக நடப்பவரின் எட்டு நீளும், பாதம் மேலும் சாய்வாக இறங்கும், தேவைப்படும் உராய்வு கூடும். சடுதியாகத் திரும்பினாலும் கூடும். பாரமான தள்ளுவண்டியைத் தள்ளும்போது இன்னும் கூடும். எனவே இயந்திரத்தின் சுற்றை 40 செக்கனிலிருந்து 35 செக்கனுக்குக் குறைக்கலாம் என்று அலுவலக அறையில் எடுக்கப்படும் முடிவு தரையின் பாதுகாப்புப் பற்றிய முடிவும்தான். கரும்பலகையில் நான் வரைந்த மரக்கட்டையிடம் மணித்தியாலத்துக்கு இத்தனை பெட்டி என்று எவரும் இலக்குக் கேட்டதில்லை.

தடக்குதலின் கணக்கு இதைவிட ஆச்சரியமானது. நடக்கும்போது முன்னே வீசப்படும் பாதத்தின் விரல்நுனி தரையிலிருந்து சராசரியாக ஒன்று முதல் ஒன்றரைச் சென்ரிமீற்றர் உயரத்திலேயே கடந்து செல்கிறது. எமது உடல் அவ்வளவு சிக்கனமாக நடக்கப் பழகியிருக்கிறது. ஆகவே ஒரு சென்ரிமீற்றர் கிளம்பி நிற்கும் தரையோடு, சுருண்ட கால்விரிப்பின் ஓரம், குறுக்கே போட்ட வயர், நடைபாதைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பலற்றின் மூலை ஆகிய எதுவும் போதும். மாடிப்படிகளில் ஒரு படி மட்டும் மற்றவற்றைவிடச் சற்று உயர்ந்திருந்தாலும் போதும்; முதல் இரண்டு மூன்று படிகளில் பழகிய உயரத்தையே கால் திரும்பவும் எதிர்பார்க்கிறது. கையில் பெட்டியைச் சுமந்து செல்பவருக்குத் தன் பாதமே தெரியாது. அவரிடம் "பார்த்து நட" என்று சொல்வதில் என்ன பொருள்?

கவனயீனத்தின் வரலாறு

கவனயீனம் என்ற விளக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1931 இல் அமெரிக்காவில் எச். டபிள்யூ. ஹைன்றிச் என்ற காப்புறுதிக் கம்பனி உத்தியோகத்தர் கைத்தொழில் விபத்துத் தடுப்புப் பற்றி ஒரு நூல் எழுதினார். விபத்துக்களில் 88 வீதம் ஆட்களின் பாதுகாப்பற்ற செயல்களாலும், 10 வீதம் பாதுகாப்பற்ற நிலைமைகளாலும் ஏற்படுவன. 2 வீதம் தவிர்க்க முடியாதவை என்று அதில் கணக்குச் சொன்னார். இயந்திரங்களுக்குக் காப்பிடுவதையும் அவர் வலியுறுத்தினார் என்பதை நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆனால் உலகம் எடுத்துக்கொண்டது அந்த 88 ஐத்தான்.

அந்த எண் எங்கிருந்து வந்தது? காப்புறுதிக் கோவைகளிலிருந்தும் தொழிற்சாலைகளின் விபத்துப் பதிவுகளிலிருந்தும். அப்பதிவுகள் பெரும்பாலும் மேற்பார்வையாளர்கள் எழுதியவை. தரை ஏன் ஈரமாக இருந்தது என்று எழுதினால் அவரே பதில் சொல்லவேண்டி வரும். விழுந்தவர் பார்த்து நடக்கவில்லை என்று எழுதினால் கோவை மூடப்படும். இப்படி எழுதப்பட்ட படிவங்களை எண்ணிப் புள்ளிவிபரம் செய்கிறார்கள். அந்தப் புள்ளிவிபரத்தைக் காட்டி அடுத்த படிவத்தையும் அவ்வாறே நிரப்பப் பயிற்றுகிறார்கள். அதிகாரம் தன் விடையைத் தானே எழுதித் தானே எண்ணிக்கொள்வதை அறிவு என்று அழைப்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தை நூல்களில் தேடவேண்டியதில்லை.

இதற்கு மறுப்பு ஹைன்றிச்சுக்கு முன்னரே எழுதப்பட்டுவிட்டது. கிறிஸ்ரல் ஈஸ்ற்மன் என்ற அமெரிக்கப் பெண், பிற்ஸ்பேர்க் நகரை உள்ளடக்கிய அலெகனி மாவட்டத்தில் 1906 யூலை முதல் ஓராண்டுக்குள் வேலையில் இறந்த 526 பேரின் மரணங்களை விசாரித்து, 1910 இல் நூலாக வெளியிட்டார். அங்கும் முதலாளிமாரின் விடை கவனயீனமே. ஈஸ்ற்மன் அச்சொல்லைப் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தார். நீண்ட வேலைநேரம், களைப்பு, வெக்கை, இரைச்சல், ஓயாத வேகம் ஆகியன இருந்தன. கவனம் என்பது மனிதனிடம் அளவோடு உள்ள ஒரு சக்தி. இரவு வேலையின் ஏழாவது மணித்தியாலத்தில் அது எவரிடமும் குறைந்துபோகும். கவனம் குறைவாக உள்ள மனிதன் நடந்தாலும் விழாத தரையை அமைப்பதே தடுப்பு எனப்படுவது.

தரையில் செய்யவேண்டியவை

இத்துறையில் ஒரு படிமுறை ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது. முதலில் ஆபத்தை அதன் மூலத்தில் ஒழிப்பது. முடியாவிட்டால் பொறியியல் மாற்றங்களால் கட்டுப்படுத்துவது. அடுத்து அறிவுறுத்தலும் அறிவிப்பும். இறுதியாகத் தனிமனிதர் அணியும் காப்புகள். ஐரோப்பாவில் இருக்கும் நண்பர்களுக்கு 1989 இன் 89/391 இலக்கச் சட்ட நெறிமுறை இதையே சொல்கிறது. ஆபத்துக்களை மூலத்திலேயே எதிர்கொள். தனிமனிதக் காப்பைவிடக் கூட்டுக் காப்புக்கு முன்னுரிமை கொடு என்பன அதிலுள்ள பொதுக் கோட்பாடுகள்.

நடைமுறையில் இதன் பொருள் எளிது. ஒழுகும் இணைப்பைத் திருத்துவது, குறுணி சிந்தும் இடத்தில் தட்டு வைப்பது, வயரைத் தரையில் இழுக்காமல் மேலால் கொண்டுசெல்வது, நடைபாதையைக் கோடிட்டு அதற்குள் பலற் வைக்காதிருப்பது, கிளம்பிய ஓட்டைப் பதிப்பது, எரியாத விளக்கை மாற்றுவது. இவற்றில் எதற்கும் பெருந்தொகை தேவையில்லை.

சுத்தம் செய்வதற்கும் ஒரு முறை உண்டு. எம்மவர் பலர் இரவில் அலுவலகங்களும் உணவகங்களும் துடைப்பவர்கள்; அவர்களுக்கு இது தெரிந்திருக்கவேண்டும். நன்றாகப் பிழிந்த மொப்கூட மினுமினுப்பான தரையில் வழுக்கப் போதுமான ஈரப்படலத்தை விட்டுச்செல்கிறது. கொழுப்புப் படிந்த குசினித் தரையை அழுக்குத் தண்ணீரால் துடைத்தால் ஓரிடத்திலிருந்த கொழுப்பு முழுத் தரைக்கும் பரவுகிறது. கொழுப்பு நீக்கும் திரவத்தை ஊற்றி, அது வேலைசெய்யச் சில நிமிடங்கள் விட்டு, உரஞ்சி, கழுவி, நீரை வழித்தெடுத்து உலரவிட வேண்டும். அந்தச் சில நிமிடங்களுக்குச் சம்பளம் கொடுக்கப்படுகிறதா என்பதுதான் பிரச்சினை. தரை நல்லதா என்பதை அளக்கவும் முடியும். பிரித்தானியாவில் ஊசல் கருவியால் அளக்கிறார்கள். வாசிப்பு 36 அல்லது அதற்கு மேலானால் வழுக்கும் அபாயம் குறைவு. 25 இலும் குறைந்தால் அபாயம் அதிகம்.

சப்பாத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை எம்மிடையே உண்டு. கனடாவில் பாதுகாப்புச் சப்பாத்தில் உள்ள பச்சை முக்கோணம், பாரம் விழுந்தால் விரல்கள் நசுங்காது, ஆணி ஏறினால் அடி துளைபடாது என்பதற்கான உறுதி மட்டுமே. வழுக்காது என்று அது சொல்லவில்லை. வழுக்காத அடியைத் தனியே கேட்டு வாங்கவேண்டும். பனிக்காலச் சப்பாத்திலும் இதே கதைதான். ரொறன்ரோ புனர்வாழ்வு நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் சாய்க்கக்கூடிய பனித்தரையில் ஆட்களை நடக்கவைத்துச் சப்பாத்துக்களைச் சோதித்து, 2016 இல் முடிவுகளை வெளியிடத் தொடங்கினார்கள். 7 பாகைச் சரிவில் வழுக்காமல் நிற்கவேண்டும் என்பதே தேறுவதற்கான குறைந்தபட்ச அளவு. முதலில் சோதித்தவற்றில் மிகச் சிலவே தேறின.

மஞ்சள் நிற "ஈரத்தரை" அறிவிப்புப் பலகை இந்தப் படிமுறையில் கீழ்ப்பகுதியில் உள்ளது. தரை ஈரம் என்பது கம்பனிக்குத் தெரியும் என்பதற்கான சாட்சியம் அது. நாட்கணக்காக ஒரே இடத்தில் நிற்கும் பலகை, திருத்தவேண்டியதைத் திருத்தவில்லை என்பதையே அறிவிக்கிறது.

சட்டம் சொல்வது

ஒவ்வொரு நாட்டிலும் சட்டம் வேறு. எனக்குத் தெரிந்த ஒன்ராறியோவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எலியற் லேக் யுரேனியச் சுரங்கத் தொழிலாளர்கள் 1974 இல் செய்த வேலைநிறுத்தத்தை அடுத்து ஜேம்ஸ் ஹாம் தலைமையில் ஆணைக்குழு ஒன்று நியமிக்கப்பட்டது. அதன் அறிக்கை 1976 இல் வந்தது. அதன் வழியாக 1979 இல் நடைமுறைக்கு வந்ததே தொழில்சார் சுகாதார, பாதுகாப்புச் சட்டம். ஆபத்தை அறியும் உரிமை, தடுப்பில் பங்குபற்றும் உரிமை, ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை ஆகிய மூன்றும் தொழிலாளருக்கு உண்டு. 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலைசெய்யும் இடத்தில் கூட்டுக்குழு இருக்கவேண்டும். அதில் குறைந்தது அரைவாசி தொழிலாளர் பிரதிநிதிகள். தொழிற்சாலைகளுக்கான 851 ஆம் இலக்க ஒழுங்குவிதி, தரையில் தடைகளோ கழிவுகளோ பனியோ சேரவிடக்கூடாது, வழுக்கவைக்கும் மேற்பூச்சுப் பூசக்கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. கையோ காலோ முறிந்தால் அது பாரதூரமான காயம். உடனே தொழில் அமைச்சுக்கு அறிவிக்கவேண்டும். விழுந்த இடத்தை மாற்றக்கூடாது. எமது தொழிற்சாலையில் அன்று பின்னேரமே அந்த இடம் கூட்டித் துடைக்கப்பட்டுவிட்டது.

நட்டஈட்டு முறை இதைவிடப் பழையது. நீதிபதி வில்லியம் மெரடித் 1913 இல் கொடுத்த அறிக்கையின் அடிப்படையில் 1914 இல் சட்டம் இயற்றப்பட்டது. முதலாளிமீது வழக்குப் போடும் உரிமையைத் தொழிலாளர் கைவிட்டார்கள்; பதிலாக, பிழை யாருடையது என்று கேட்காமல் நட்டஈடு பெறும் உரிமையைப் பெற்றார்கள். அதாவது, சாதாரணக் கவனயீனம் என்பது எம்மவர் "டபிள்யூ.எஸ்.ஐ.பி." என்று சொல்லும் சபையின் முன் கேள்வியே அல்ல. நூறாண்டுக்கு மேலாகச் சட்டம் கேட்காத கேள்விக்கு, நாம் வலிந்து "என்ர பிழைதான்" என்று பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். மருத்துவ சிகிச்சை தேவைப்பட்டாலோ வேலை இழக்க நேர்ந்தாலோ, அறிந்த மூன்று வேலைநாட்களுக்குள் முதலாளி சபைக்கு அறிவிக்கவேண்டும். தொழிலாளர் தாமாகக் கோர ஆறு மாதம் உண்டு. தொழிற்சங்கம் இல்லாதவர்களுக்குத் தொழிலாளர் ஆலோசகர் அலுவலகம் இலவசமாக உதவும்.

எமது மௌனம்

உரிமை இருந்தும் எம்மவர் பலர் வைத்தியரிடம் "வீட்டுப் படியில விழுந்திட்டன்" என்கிறார்கள். முகவர் நிலையம் மூலம் வேலைக்குப் போகிறவரின் பயம் கற்பனையல்ல. பழிவாங்குவதைச் சட்டம் தடைசெய்திருக்கிறது. ஆனால் அடுத்த கிழமை தொலைபேசி அழைப்பு வராததற்கு எவரும் காரணம் சொல்வதில்லை. அந்த ஒரு பொய்யின் விலையையும் கணக்கிடவேண்டும். ஆறு மாதத்தின் பின் கை மடங்கவில்லை என்றால், வேலைத்தலத்தில் விழுந்ததற்கான எழுத்துச் சான்று எதுவும் இருக்காது. வீட்டில் விழுந்ததற்கான மருத்துவக் குறிப்பு மட்டுமே இருக்கும்.

பயத்தோடு வெட்கமும் இருக்கிறது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று விழுந்தவரைத் தேற்றுகிறோம். அப்பழமொழி அன்பானதுதான், ஆனால் அதிலும் சறுக்குவது ஆனையின் அடி, நிலத்தைப் பற்றிப் பேச்சில்லை. அதேவேளை எமது வீட்டுப் பெண்களுக்கு வேறோர் அறிவும் இருந்தது. மாரியில் கிணற்றடியில் பாசி பிடித்தால் "பார்த்து நடவுங்கோ" என்று சொல்லிவிட்டு அவர்கள் சும்மா இருக்கவில்லை. சாம்பலும் மணலும் போட்டுத் தும்புத்தடியால் பாசியை உரஞ்சி எடுத்தார்கள். மூலத்தில் ஒழித்தல் என்று இன்று நூல்கள் சொல்வது இதைத்தான்.

எமது இடதுசாரி நண்பர்கள் சிலர் கூட்டுக்குழுக்கள் தொழிலாளரைச் சமாதானப்படுத்தும் ஏற்பாடு என்று வாதிடுவார்கள். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் பாதுகாப்பில் ஒரே நலன் என்ற ஹாம் அறிக்கையின் அனுமானம் கேள்விக்குரியது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் குழுவில் எமது ஆள் இல்லாதபோது மாதாந்தப் பரிசோதனைப் பட்டியலில் அந்தக் குழாய் இணைப்பு ஏறுவதே இல்லை. எமது தொழிற்சாலையில் இரண்டாவது விபத்தின் பின் நாங்கள் நான்கு பேர், தமிழர் இருவர், வியட்நாமியர் ஒருவர், கயானாக்காரர் ஒருவர், குழுவின் தொழிலாளர் பிரதிநிதியிடம் எழுத்தில் கொடுத்தோம். விழுந்தவர்களைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. இணைப்பின் இலக்கம், சிந்தும் அளவு, விழுந்த இரண்டு திகதிகள், 851 ஆம் ஒழுங்குவிதியின் 11 ஆம் பிரிவு ஆகியவற்றை மட்டும் எழுதினோம். ஐந்தாம் நாள் இணைப்பு மாற்றப்பட்டது. அதன் விலை, முறிந்த கைக்குப் போட்ட மாவுக்கட்டின் விலையைவிடக் குறைவாகவே இருக்கும்.

இதைப் பெரிய வெற்றியாகச் சொல்லவில்லை. சுற்றுநேரம் இன்னமும் 35 செக்கன்தான். முகவர் நிலையத்திலிருந்து வருபவர்கள் இன்னமும் கையெழுத்திடத் தயங்குகிறார்கள். ஆனால் விழுந்தவரிடம் நாம் கேட்கும் முதற் கேள்வி மாறவேண்டும். "பார்த்து நடக்கத் தெரியாதா?" என்பதற்குப் பதிலாக, "அந்த இடத்தில் என்ன கிடந்தது, அது எங்கிருந்து வந்தது, எத்தனை நாளாகக் கிடந்தது?" என்று கேட்போம். அவற்றுக்கான விடைகளை அன்றே திகதியிட்டு எழுதி வைப்போம். நோர்வேயிலும் பிரான்சிலும் சுவிசிலும் ஜேர்மனியிலும் இருக்கும் நண்பர்கள் தத்தம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது, நடைமுறையில் என்ன நடக்கிறது என்பதை இப்பக்கங்களில் எழுதினால், தமிழில் இதுபற்றி ஒரு தொகுப்பாவது எமது கையில் இருக்கும்.